டிவிக்குள் இருக்கும் ஆப்களே போதுமா, தனிப் பெட்டி வாங்க வேண்டுமா?

#1 நிலாமுற்றம்

வணக்கம். எங்கள் டிவியின் திரைக்கு ஒரு குறையும் இல்லை, படம் இன்றைக்கும் பளிச்சென்றுதான் வருகிறது. தொல்லையெல்லாம் உள்ளே இருக்கும் ஆப்களால்தான். நெட்ஃப்ளிக்ஸைத் திறந்தால் சிவப்பு எழுத்து வந்து நிற்கும், அப்படியே நிற்கும். ரிமோட்டில் கீழே போகும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. நடக்கவில்லையே என்று இன்னும் இரண்டு தடவை அழுத்தினால், மூன்றும் சேர்ந்து ஒரே மூச்சில் நடந்து வேறு எங்கோ போய் நிற்கும். ஒரு ஆப் "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்றே எழுதிக் காட்டிவிட்டது. தயாரித்தவர்களின் சேவை எண்ணுக்குப் பேசினால், புது மாடல் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

திரை நன்றாக இருக்கும்போது டிவியையே மாற்றுவதா, ஒரு ஸ்டிக்கோ பெட்டியோ வாங்கிச் செருகுவதா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய வானொலி

டிவியை மாற்றாதீர்கள். திரையின் ஆயுள் வேறு, அதற்குள் இருக்கும் கணினியின் ஆயுள் வேறு. விலைக்கு ஏற்ற செலவையெல்லாம் திரையில் போட்டுவிட்டு, சிப்பிலும் நினைவகத்திலும் கையைச் சுருக்கிக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். அன்றைய ஆப்புக்கு அது போதும். ஆப் வருடாவருடம் பருத்துக்கொண்டே போகும், டிவியின் மூளை அதே அளவில்தான் இருக்கும்.

"இனி இயங்காது" என்ற செய்தி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இடைமுகத்தை மூடியபோது 2012-க்கு முந்தைய டிவிகளிலும் ப்ளேயர்களிலும் யூடியூப் ஆப் கூண்டோடு போனது. 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் அதையே செய்தது. சாம்சங், விசியோ டிவிகளில் பழையவை, முதல் தலைமுறை ரோக்கு பெட்டிகள் எல்லாம் கழன்றுகொண்டன. அவற்றில் இருந்தது, படத்தை யாரும் நகலெடுக்காமல் காக்கும் பழைய விண்டோஸ் மீடியா பூட்டு, சேவைகளோ புதிய பூட்டுக்கு மாறிவிட்டிருந்தன. அந்தத் திரைகள் உடைந்துபோகவில்லை. எச்டிஎம்ஐ துளை இருக்கிற வரைக்கும் அவற்றில் படம் பார்க்கலாம்.

#3 தறி

ஐயா சொல்வது சரிதான், ஆனால் எல்லோரையும் உடனே பெட்டி வாங்கச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் டிவிக்குள் இருக்கும் ஆப்தான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. பெட்டி வந்தால் இன்னொரு ரிமோட், இன்னொரு அடாப்டர், "எச்டிஎம்ஐ 1-ஆ 2-ஆ" என்று அம்மா கூப்பிடும் கூப்பாடு. அதற்கெல்லாம் யார் பதில் சொல்வது?

நிலாமுற்றம், முதலில் இதைச் செய்து பாருங்கள். ரிமோட்டில் டிவியை அணைத்தால் அது அணைவதில்லை, தூங்கப் போகிறது, அவ்வளவுதான். மாதக்கணக்காகத் தூங்கி எழுந்துகொண்டே இருக்கும் கணினி என்ன வேகத்தில் ஓடும்? சுவரில் ப்ளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி போடுங்கள். அப்புறம் அமைப்புகளில் போய் நினைவகத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். யாரும் தொடாத ஆப் ஏதாவது இருந்தால் தூக்குங்கள். யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் இரண்டின் கேஷையும் (ஆப் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள்) அழியுங்கள்.

#4 நிலாமுற்றம்

செய்தேன். இடம் கிட்டத்தட்ட தீர்ந்தே போயிருந்தது. இப்போது ரிமோட் சொன்னதைக் கேட்கிறது, நன்றி தறி.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. மாலை நேரத்தில் படம் நடுவில் நின்று வட்டம் சுற்றுகிறது. இணைய வேகம் குறைவு என்று சொல்ல முடியாது, போனில் சோதித்தால் 80 எம்பிபிஎஸ் காட்டுகிறது.

#5 கம்பிவடம்

போனில் காட்டுவது போனுக்கு. நீங்கள் ரவுட்டர் பக்கத்தில் நின்று சோதித்திருப்பீர்கள், டிவி சுவரோடு ஒட்டி இருக்கும். டிவியிலேயே உலாவி இருந்தால் அதில் ஃபாஸ்ட்.காம் திறந்து பாருங்கள். அது நெட்ஃப்ளிக்ஸ் நடத்தும் சோதனை, அதனால் அவர்கள் சர்வரிலிருந்து உங்கள் டிவிக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது என்று தெரியும்.

தேவைப்படும் வேகம் ஒன்றும் பிரமாதம் இல்லை. நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15. எல்லோரும் 200, 300 என்று திட்டம் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், வட்டம் சுற்றுவது நிற்பதில்லை. குறை குழாயில் இல்லை, வீட்டுக்குள் கடைசிப் பத்தடியில் இருக்கிறது. வேகம் சராசரியாக 80 இருந்து நடுநடுவே சில நொடி பூஜ்யத்துக்கு விழுந்தாலும் வட்டம் சுற்றும். மாலையில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் விழித்துக்கொள்கிறது, 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான். அதனால் முதல் வேலை டிவியை 5 கிகாஹெர்ட்சுக்கு மாற்றுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ரவுட்டரில் பெயரைப் பிரித்து வைத்து, டிவிக்கு 5-ஐ மட்டும் கொடுங்கள்.

கேபிள் இழுக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. கேபிள் போட்ட பிறகு வேகச் சோதனையில் 94, 95-க்கு மேல் ஏறவில்லை என்று பதறாதீர்கள். பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகைதான், விலை உயர்ந்த டிவிகளில்கூட. எண் வைஃபையைவிடக் குறைவாகத் தெரியும், ஆனால் அறுபடாமல் வரும். படத்துக்கு வேண்டியது அதுதான்.

#6 சாம்பல் பூனை

கம்பிவடம் அண்ணா சொன்னதோடு ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். என் ஸ்டிக் ராத்திரியில் தானாக அணைந்து எழும், ரிமோட்டும் விட்டு விட்டு வேலை செய்யும். ஸ்டிக் கெட்டுப்போச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். பின்னால் எட்டிப் பார்த்தால் மூன்று விஷயம்.

ஸ்டிக்குக்கு மின்சாரம் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. யுஎஸ்பி 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். ஸ்டிக்கோடு பெட்டியில் வரும் அடாப்டர் சாதாரணமாக 1 ஆம்பியர். வெறும் முகப்புத் திரைக்கு 500 போதும், 4கே ஓட ஆரம்பித்ததும் போதாது, அப்போது விழுந்து எழும். டிவியை அணைத்தால் அந்தத் துளையும் அணையும், அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்டிக் முதலிலிருந்து கிளம்பும். சுவர் அடாப்டரில் போட்டதும் விழுவது நின்றது.

ரிமோட் கோளாறுக்குக் காரணம் பக்கத்துத் துளையில் சொருகியிருந்த யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். அந்த வகை கேபிளும் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும், இன்டெல் 2012-லேயே இதை ஆவணமாக எழுதி வைத்திருக்கிறது. ஸ்டிக்கின் ரிமோட் பேசுவது ப்ளூடூத்தில், ப்ளூடூத்தும் அதே 2.4-ல். டிஸ்க்கைக் கழற்றினால் ரிமோட் தங்கம்.

மூன்றாவது, ஸ்டிக் நேராக டிவி முதுகில் ஒட்டிக்கொண்டு உலோகத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பல ஸ்டிக்குகளோடு ஒரு சாண் நீளத்தில் எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் ஒன்று தருகிறார்களே, எல்லோரும் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிற அந்த வயர், அது இதற்குத்தான். அதில் தொங்கவிட்டதும் வைஃபை ஒரு கோடு கூடியது.

#7 தறி

பூனை, உன் டிவிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையே ஓடியிருக்கிறது போல.

#8 இரவுப்பறவை

நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டையில் 8கே என்று எழுதியிருக்கிறது, உள்ளே உலகத்துச் சேனல் எல்லாம் இலவசம். ஆனால் நெட்ஃப்ளிக்ஸ் மட்டும் கலங்கலாகவே வருகிறது. 4கே திட்டம்தான் வைத்திருக்கிறேன். ஏன்?

#9 பழைய வானொலி

கலங்கல் சின்ன விஷயம், பெரியதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டணப் படங்கள் பூட்டோடுதான் வரும். ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன். அதில் எல்1 என்றால் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள் பாதுகாப்பான பகுதியில் நடக்கிறது. எல்3 என்றால் எல்லாம் மென்பொருளில், அதை நம்பி யாரும் நல்ல படம் கொடுப்பதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் 480 வரியோடு நிறுத்திக்கொள்ளும். போதாதற்கு எல்1 இருந்தாலும் அந்த மாடலை நெட்ஃப்ளிக்ஸ் தனியாக அங்கீகரித்திருக்க வேண்டும். அட்டையில் 8கே என்ன, 80கே என்றும் அச்சடிக்கலாம். டிஆர்எம் இன்ஃபோ மாதிரி ஒரு ஆப் போட்டுப் பாருங்கள், எல்3 என்று வரும்.

இப்போது பெரியது. 2023 ஜனவரியில் டி95 என்ற பெட்டியை ஒரு கனடாக்காரர் பிரித்து ஆராய்ந்தபோது, வாங்கும்போதே உள்ளே தீநிரல் இருந்தது தெரியவந்தது. பயனர் எதையும் தரவிறக்கவில்லை, தொழிற்சாலை மென்பொருளிலேயே அது இருந்தது. அதே ஆண்டு ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் அந்தக் கும்பல் வேலைக்கு பேட்பாக்ஸ் என்று பெயர் வைத்து விரிவாக எழுதியது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பேட்பாக்ஸ் 2.0 பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது, ஜூலையில் கூகுள் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சான்றில்லாத சாதனங்கள் சிக்கியிருப்பதாக கூகுள் சொன்னது.

அந்தப் பெட்டி என்ன செய்யும் தெரியுமா? உங்களுக்குத் தெரியாமல் பின்னணியில் விளம்பரங்களைச் சொடுக்கும். அதைவிட மோசம், உங்கள் இணைய முகவரியை வாடகைக்கு விடும். யாரோ எங்கோ செய்யும் கள்ள வேலை உங்கள் வீட்டிலிருந்து போன மாதிரி பதிவாகும். "இலவசச் சேனல்" என்று கொடுத்ததற்கு விலை இப்படித்தான் வசூலாகிறது.

ப்ளே ஸ்டோர் அமைப்புகளில் "ப்ளே ப்ரொடெக்ட் சான்றிதழ்" என்ற இடத்தில் சாதனம் சான்று பெற்றதா என்று எழுதியிருக்கும். இல்லை என்று இருந்தால் வீட்டு வைஃபையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ஃபாக்டரி ரீசெட் போட்டால் போகாது, ஏனென்றால் ஃபாக்டரியிலிருந்து வந்ததே அது.

#10 இரவுப்பறவை

சான்று இல்லை என்றுதான் வருகிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். ராத்திரி யாரும் டிவி பார்க்காத நேரத்திலும் ரவுட்டர் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், நான் அதை அப்டேட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#11 மட்டுறுத்துநர்

இந்த இழையில் சேனல் பட்டியல் கோப்புகளின் இணைப்பு இரண்டு பேர் போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். கருவி, அமைப்பு, அனுபவம் பற்றி மட்டும் பேசுவோம்.

#12 மின்மினி

பெயர் தெரியாத பெட்டியைத் திட்டுகிறோம், பெயர் தெரிந்த டிவி மட்டும் யோக்கியமா? ஏசிஆர் என்று ஒன்று இருக்கிறது. திரையில் ஓடுவதை டிவியே துண்டு துண்டாகப் பார்த்து, கைரேகை மாதிரி சுருக்கி அனுப்பி, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று அடையாளம் கண்டுகொள்ளும். அனுமதி கேட்காமல் இதைச் செய்ததற்காக விசியோ நிறுவனம் 2017-ல் அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு 22 லட்சம் டாலர் கட்டியது. இப்போது அனுமதி கேட்கிறார்கள், முதல் நாள் டிவியைப் பொருத்தும்போது வரும் நீண்ட உடன்படிக்கையில் நாம் "எல்லாவற்றுக்கும் சம்மதம்" அழுத்துகிறோமே, அதில்.

பெட்டி செருகிவிட்டால் டிவி சும்மா திரைதானே என்று சிலர் நினைக்கலாம். 2024-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எச்டிஎம்ஐ வழியாக வெளியிலிருந்து படம் வரும்போதும் ஏசிஆர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அமைப்பில் போய் மறுத்த பிறகு நின்றது. எல்ஜியில் இதன் பெயர் "லைவ் ப்ளஸ்", சாம்சங்கில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்". பெயரில் எங்கேயும் "கண்காணிப்பு" என்று இருக்காது, தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் செய்வது இதைவிடச் சுலபம். பெட்டிக்கு மட்டும் இணையம், டிவிக்கு வைஃபை கடவுச்சொல்லே கொடுப்பதில்லை.

#13 தறி

அப்படியானால் டிவிக்கு அப்டேட் எப்படி வரும்?

#14 மின்மினி

வராது. படம் நன்றாக இருக்கிற டிவிக்கு எதற்கு அப்டேட் தறி? போன தடவை வந்த அப்டேட் கொண்டுவந்தது முகப்பில் பாதி இடத்துக்கு விளம்பரம், அவ்வளவுதான். உண்மையிலேயே ஏதாவது கோளாறு இருந்தால் யுஎஸ்பி பென் டிரைவில் போட்டு ஏற்றிக்கொள்ளலாம், பல நிறுவனங்கள் கோப்பைத் தளத்தில் வைத்திருக்கின்றன.

#15 குடைராட்டினம்

நான் கேட்பது கொஞ்சம் வேறு. எங்கள் இணைய இணைப்போடு ஒரு செட்டாப் பாக்ஸ் கொடுத்தார்கள். கேபிளில் போட்டால் சேனல் அருமையாக வருகிறது. வைஃபையில் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, போதாதற்கு வீட்டில் மற்றவர்களின் போனும் சேர்ந்து திணறுகிறது. ஆனால் அதே வைஃபையில் யூடியூப் 4கே ஓடுகிறது. கொடுத்தவர்களைக் கேட்டால் "கேபிளிலேயே போடுங்கள்" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. இன்னொன்று, விளையாட்டு பார்க்கும்போது பக்கத்து வீட்டில் முதலில் கத்துகிறார்கள், எனக்கு அப்புறம்தான் கோல் விழுகிறது. ஆனால் இது போனில் பார்க்கும்போது மட்டும், பெட்டியில் பார்த்தால் அவ்வளவு தாமதம் இல்லை.

#16 கம்பிவடம்

நல்ல கேள்வி, இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

யூடியூபும் நெட்ஃப்ளிக்ஸும் உங்களுக்கென்று தனியாக ஒரு பிரதி அனுப்புகின்றன. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு துண்டும் பல தரத்தில் இருக்கும். உங்கள் கருவி வேகத்தைப் பார்த்து அடுத்த துண்டை எந்தத் தரத்தில் வாங்குவது என்று முடிவு செய்யும். வழியில் ஏதாவது தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கும். இணைய நிறுவனத்தின் ஐபிடிவி பெட்டி வேறு முறை, மல்ட்டிகாஸ்ட். ஒரு சேனலுக்கு ஒரே ஓடை, யார் யாருக்கு வேண்டுமோ அவர்கள் அதில் சேர்ந்துகொள்வார்கள். நிறுவனத்துக்குச் சிக்கனம், படமும் சீக்கிரம் வரும். ஆனால் தொலைந்தது தொலைந்ததுதான் என்ற கணக்கில் அனுப்புவது.

கேபிளில் எதுவும் தொலையாது, சரி. வைஃபையில்தான் வினை. மல்ட்டிகாஸ்ட் என்றால் வைஃபை அதை எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று அடிமட்ட வேகத்தில் ஒலிபரப்பும், வந்து சேர்ந்ததா என்று யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் உங்கள் படம் உடைகிறது, அந்த மெதுவான ஒலிபரப்பு காற்றை அடைத்துக்கொள்வதால் மற்ற போன்களும் திணறுகின்றன. ரவுட்டரில் "ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்" (ஓடையைக் கேட்ட பக்கத்துக்கு மட்டும் அனுப்புவது) என்று இருந்தால் இயக்குங்கள். "மல்ட்டிகாஸ்ட் டு யூனிகாஸ்ட்" என்ற அமைப்பும் இருந்தால் அதையும். இரண்டும் இல்லாத ரவுட்டர் என்றால் அவர்கள் சொன்னபடி கேபிள்தான்.

தாமதமும் துண்டால் வருவதுதான். ஆப்பிளின் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு 6 நொடி வைக்கச் சொல்வார்கள், முன்பெல்லாம் 10. கருவி மூன்று துண்டாவது கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அங்கேயே 18 நொடி போயிற்று, வெட்டி அனுப்பும் நேரம் தனி. குறைந்த தாமத முறை 2019-ல் வந்தது, எல்லா ஆப்பும் அதைப் பயன்படுத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டிஷ் வைத்திருந்தால் அவர் முந்தத்தான் செய்வார்.

#17 நிலாமுற்றம்

5 கிகாஹெர்ட்சுக்கு மாற்றியதும் மாலை வட்டம் போய்விட்டது. பெட்டியும் ஒன்று வாங்கிவிட்டேன், இயங்காத ஆப்புக்கு வேறு வழி தெரியவில்லை. சான்று பார்த்துத்தான் வாங்கினேன். எச்டிஎம்ஐ சிஇசி போட்டதும் பெட்டி ரிமோட்டிலேயே டிவி எழுகிறது, ஒலியும் கூடுகிறது, பழைய ரிமோட் மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது.

ஒரு சந்தேகம். படத்தில் கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும்போது லேசாகத் தட்டித் தட்டிப் போகிறது. டிவிக்குள் இருந்த ஆப்பில் இது இல்லை.

#18 சாம்பல் பூனை

அது 24-க்கும் 60-க்கும் உள்ள சண்டை. சினிமா நொடிக்கு 24 படம், பெட்டி எப்போதும் 60-ல் வெளியே தள்ளுகிறது. 24-ஐ 60-க்குள் திணிக்க ஒரு படத்தை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும், அந்தத் தட்டல்தான் தெரிகிறது. பெட்டியின் திரை அமைப்பில் "மேட்ச் ஃப்ரேம் ரேட்" என்று இருக்கும், இயக்குங்கள். படம் தொடங்கும்போது ஒரு நொடி திரை கறுத்து வரும், பயப்படாதீர்கள். சில ஆப்கள் இதை மதிக்காது, அது ஆப்பின் குறை.

தட்டலைப் போக்க டிவியின் அசைவு மென்மையாக்கத்தை மட்டும் கூட்டிவிடாதீர்கள், ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்களே. இல்லாத படங்களை நடுவில் டிவியே வரைந்து சேர்க்கும், பெரிய சினிமா எல்லாம் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். 2019-ல் யுஎச்டி கூட்டமைப்பு கொண்டுவந்த "ஃபிலிம்மேக்கர் மோட்" உங்கள் டிவியில் இருந்தால் அது இதையெல்லாம் ஒரே அடியில் அணைத்துவிடும்.

#19 இரவுப்பறவை

நானும் கேட்டுவிடுகிறேன். பழைய டிவிக்கு என் தம்பி கொடுத்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் (போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப கூகுள் விற்ற சின்னக் கருவி) இருக்கிறது. வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. போட்டால் "சரிபார்க்க முடியவில்லை" என்கிறது. ரீசெட் செய்யட்டுமா?

#20 பழைய வானொலி

எடுத்த எடுப்பில் ரீசெட் போகாதீர்கள். 2025 மார்ச்சில் அந்தத் தலைமுறை குரோம்காஸ்ட் எல்லாம் ஒரே நாளில் படுத்துக்கொண்டன. உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது, காரணம் அவ்வளவுதான். திருத்தும் வரை ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே சொன்னது, அவசரப்பட்டுச் செய்தவர்கள் மறுபடி பொருத்த முடியாமல் தவித்தார்கள். உங்களுடையது அலமாரியில் இருந்ததால் திருத்த அப்டேட் வந்திருக்காது. மின்சாரம் கொடுத்து, பழைய வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இன்னும் அதேதான் என்றால் சில மணி நேரம் அப்படியே விட்டுவையுங்கள், தானாக வாங்கிக்கொள்ளும்.

பழைய டிவி, பெட்டி எதுவானாலும் "இணைப்பு பாதுகாப்பற்றது" என்று வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். கடிகாரம் 2015-ல் நின்றிருந்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது.

#21 தறி

இவ்வளவு பேசுகிறீர்கள், என் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். சவுண்ட்பார் போட்டதிலிருந்து வாய் அசைவும் பேச்சும் ஒட்டவில்லை. டிவியில் ஒலித் தாமதம் என்ற அமைப்பைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது.

#22 கம்பிவடம்

கூட்டினால் மோசமாகிறது என்றால் உங்களுக்குப் பேச்சுதான் பிந்தி வருகிறது. அந்த அமைப்பால் ஒலியைத் தாமதிக்க மட்டும்தான் முடியும், முன்னால் இழுக்க முடியாது. அதை முதலில் பூஜ்யத்தில் வையுங்கள். டிவியின் ஒலி வெளியீடு "ஆட்டோ"வில் இருக்கும், அதை "பாஸ் த்ரூ" ஆக்கிப் பாருங்கள், டிவி ஒலியைப் பிரித்து மறுபடி கட்டாமல் அப்படியே சவுண்ட்பாருக்குத் தள்ளும். அப்போதும் பிந்தினால் "பிசிஎம்" (சுருக்காத ஒலி) வைத்துப் பாருங்கள். அதற்கு முன் ஒன்று: சவுண்ட்பார் எதில் இணைத்திருக்கிறது, எச்டிஎம்ஐ ஏஆர்சியிலா (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை), ப்ளூடூத்திலா?

#23 தறி

ப்ளூடூத்தில். வயர் தெரியக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

#24 கம்பிவடம்

அம்மாவிடம் பேசிப் பாருங்கள். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்கே நேரம் போகிறது, அதை எந்த அமைப்பாலும் முழுசாக எடுக்க முடியாது. டிவியின் ஏஆர்சி என்று எழுதிய துளையிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ வயர், டிவி காலோடு ஒட்டிக் கொண்டுபோனால் வெளியே தெரியாது.